தம்பிக்கு குரல் கேக்குறது நின்னுருச்சு, ஆனா பேச்சு கோர்வையா வரல. மூளை கனெக்‌ஷன் பாக்குற ஸ்கேன் எடுக்கலாமா?

தேனிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

என் தம்பிக்கு 20 வயசு, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல நாலு நாளா தூங்கல, ரூமை விட்டு வெளிய வரலன்னு அவன் ஃப்ரெண்ட்ஸ் ஃபோன் பண்ணாங்க, போய் கூட்டிட்டு வந்தப்ப யாரோ ரெண்டு பேர் தன்னைப் பத்தியே பேசுற மாதிரி காதுல கேக்குது, செல்ஃபோன் வழியா பாக்குறாங்கன்னு சொன்னான். மனநல டாக்டர்கிட்ட காமிச்சோம், சைக்கோசிஸ், முதல் எபிசோட்னு சொன்னார். மாத்திரை ஆரம்பிச்சு இப்ப நாலரை மாசம். குரல் கேக்குறது நின்னுருச்சு, பயம் போயிருச்சு, தூங்குறான், தானா குளிக்கிறான். அந்த அளவுக்கு வந்ததே பெருசுன்னுதான் இருக்கோம்.

ஆனா பேச்சுதான் இன்னும் சரியாகல. முந்தாநேத்து ராத்திரி "சாப்டியாடா"ன்னு கேட்டேன். அவன் சொன்னதை மறக்கக்கூடாதுன்னு உடனே எழுதி வச்சேன், அப்படியே போடுறேன்: "மணி ஆகல, மணி மாமா கடை ஞாயித்துக்கிழமை லீவு, ஞாயிறுன்னா சூரியன், சூரியன் கிழக்குல வரும், கிழக்குப் பக்கம்தான் ஜன்னல் வைக்கணும், ஜன்னல் வச்சா கொசு வரும்." சொல்லி முடிச்சுட்டு பதில் சொல்லிட்ட மாதிரி என் முகத்தையே பாத்தான். சாப்பிட்டானா இல்லையான்னு அடுப்படில தட்டைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மா அந்தப் பக்கம் போய் அழுதாங்க.

நெட்ல தேடினப்ப ஆரம்ப கட்ட சைக்கோசிஸ்ல சிந்தனை சிதறிப் போறதுக்கும் மூளைல ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இருக்குற கனெக்டிவிட்டி மாறுறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு படிச்சேன். அப்ப அவன் மூளைல வயர் அறுந்த மாதிரி ஏதாச்சும் ஆயிருச்சா? முதல் மாசம் எடுத்த எம்ஆர்ஐ நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சே, அது எப்படி? கனெக்‌ஷன் பாக்குற ஸ்கேன்னு தனியா இருக்காம், அப்பா நகையை வச்சாவது எடுத்துருவோம்னு சொல்றார். எடுக்கலாமா? இது திரும்ப சரியாகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சாம்பல்_நிறம்:

அக்கா, நான் டாக்டர் இல்ல, எம்ஆர்ஐ டேட்டா வச்சு பிஎச்டி பண்ற ஸ்டூடன்ட். ட்ரீட்மென்ட் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், கனெக்டிவிட்டி விஷயம் மட்டும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். முதல்ல ஒண்ணு, நகையை வைக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

வயர் அறுந்து போறதுன்னு நினைச்சுக்கிட்டா பயம்தான் வரும், உண்மையும் அது இல்ல. கனெக்டிவிட்டின்னு ஒரே வார்த்தையா எழுதுறாங்களே தவிர அதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ரோடு, இன்னொண்ணு ரோட்டுல ஓடுற வண்டி. ரோடுங்குறது மூளையோட வெள்ளைப் பகுதில இருக்குற நரம்பிழைக் கத்தைங்க, அதுக்குள்ள தண்ணி எந்தத் திசைல எவ்வளவு சுலபமா நகருதுன்னு ஸ்கேன்ல அளப்பாங்க. 2018ல உலகம் முழுக்க 29 ஆய்வுகளோட டேட்டாவை ஒண்ணா சேத்து, ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு, சைக்கோசிஸ் வர்ற நோய்கள்ல ஒண்ணு) இருக்குற 1963 பேரையும் இல்லாத 2359 பேரையும் ஒப்பிட்டாங்க. ஏதோ ஒரு இடத்துல மட்டும் உடைஞ்சிருந்துச்சுன்னு இல்ல, கிட்டத்தட்ட மூளை முழுக்க கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. அந்த "கொஞ்சம்"தான் முக்கியம். ஆயிரக்கணக்கான பேரோட சராசரில தெரியுற வித்தியாசம் அது, ஒருத்தரோட படத்தை மட்டும் கைல குடுத்தா இவருக்கு இருக்கு இவருக்கு இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்த அளவுக்கு ரெண்டு கூட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும்.

வண்டி ஓட்டம்ங்குறது வேற. 1995ல பரத் பிஸ்வால்னு ஒருத்தர் (நம்ம நாட்டுல பிறந்து அமெரிக்கா போனவர்) கவனிச்சார், ஒரு ஆள் ஸ்கேனருக்குள்ள விரலைக் கூட அசைக்காம சும்மா படுத்திருந்தாலும் கை அசைவுக்கான இடது பக்க மூளையோட சிக்னலும் வலது பக்க மூளையோட சிக்னலும் ஒரே தாளத்துல ஏறி இறங்குது. அப்படி சேந்து ஏறி இறங்குற இடங்களைத்தான் கனெக்ட் ஆகியிருக்குன்னு சொல்றோம். அதாவது இது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற விஷயம், தூக்கத்துல ஒரு மாதிரி, மாத்திரை போட்டா ஒரு மாதிரி.

இப்ப உங்க தம்பி சொன்னதுக்கு வர்றேன், ஏன்னா நான் படிச்ச எந்தப் பேப்பரை விடவும் அது தெளிவா காட்டுது. நீங்க கேட்டது சாப்பாடு. அவன் மூளை சாப்பாட்டு நேரம், மணின்னு சரியாத்தான் ஆரம்பிச்சுச்சு. ஆனா நம்ம மொழில மணின்னா நேரம், மணின்னா கோயில் மணி, மணின்னா ஒரு ஆள் பேர். உங்களுக்கும் எனக்கும் கூட அந்தச் சொல்லைக் கேட்ட அரை நொடிக்குள்ள இது அத்தனையும் உள்ளுக்குள்ள லேசா எழுந்துக்கும், ஆனா "இப்ப பேச்சு சாப்பாட்டைப் பத்தி"ன்னு ஒரு பிடி இருக்குறதால மத்ததெல்லாம் உடனே அடங்கிரும். அவனுக்கு அந்தப் பிடி தளர்ந்திருக்கு, அதனால மணி மாமா எழுந்து வந்துட்டார், ஞாயிறு சூரியன் ஆயிருச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவுல கனெக்‌ஷன் பிரமாதமா இருக்கு பாருங்க. முதல் சொல்லுக்கும் கடைசி சொல்லுக்கும்தான் இல்ல.

இதை 1993லயே மன்ஃப்ரெட் ஸ்பிட்சர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் சோதனை பண்ணிப் பாத்தார். ஸ்க்ரீன்ல ரெண்டு சொல் அடுத்தடுத்து வரும், உதாரணத்துக்கு சிங்கம், அப்புறம் வரி. ரெண்டுக்கும் நேரா சம்பந்தம் இல்ல, நடுவுல புலி ஒளிஞ்சிருக்கு. பேச்சு சிதறுற நோயாளிங்களுக்கு அந்த ஒளிஞ்சிருக்குற புலி வழியா ரெண்டாவது சொல் சட்டுனு வந்துருது, மத்தவங்களுக்கு அவ்வளவு வர்றதில்ல. அதனால கனெக்‌ஷன் குறைஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்றதே தப்பு, சில இடத்துல கூடிருது. தாலமஸ்னு மூளை நடுவுல ஒரு பகுதி, ஜங்ஷன் மாதிரி. அங்கேருந்து மூளையோட முன்பகுதிக்குப் போற ஒத்திசைவு குறைஞ்சும், புலன், அசைவுப் பகுதிங்களுக்குப் போறது கூடியும் இருக்குறதை 2012லேருந்து பல குழுக்கள் பாத்திருக்காங்க. நோய் முழுசா வராத, ஆபத்து நிலைல மட்டும் இருக்குற இளவயசுக்காரங்ககிட்டயும் 2015ல அதே ஜாடை தெரிஞ்சுச்சு. 1995ல ஃபிரிஸ்டன், ஃப்ரித்னு ரெண்டு மூளை ஆராய்ச்சியாளர்ங்க இந்த நோயையே இணைப்புக் கோளாறுன்னு பாக்கலாமான்னு கேட்டாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி 1911ல, ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்துல, ப்ளாய்லர்ங்குற சுவிஸ் மனநல டாக்டர் வெறும் நோயாளிங்க பேச்சைக் கேட்டே சிந்தனைத் தொடர்பு தளர்றதுதான் இதோட அடிப்படைன்னு எழுதிட்டார். எனக்கு அதை நினைச்சா இன்னும் ஆச்சரியம்தான்.

ஸ்கேன் ஏன் வேணாம்னா, அசையாம படுக்கணும், ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா தலை ஆடினாக் கூட இல்லாத கனெக்‌ஷன் இருக்குற மாதிரியும் இருக்குறது இல்லாத மாதிரியும் காட்டும்னு 2012லயே நிரூபிச்சுட்டாங்க. பதட்டத்துல இருக்குற பையன் கட்டாயம் அசைவான். வர்ற படத்தை வச்சு எந்த டாக்டரும் மாத்திரையை மாத்தப் போறதில்ல. ஆராய்ச்சிக்காக கூப்பிட்டா காசு வாங்க மாட்டாங்க, அப்ப தம்பிக்கு சம்மதம்னா போகலாம், அது வேற கதை.

இன்னொண்ணு சொல்லணும். பிரேசில்ல நட்டாலியா மோட்டாங்குற மனநல டாக்டர் 2012லேருந்து பேச்சையே படமா வரையுறாங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி, அடுத்த சொல்லுக்கு ஒரு கோடு. பேசுறவர் முன்னாடி சொன்ன சொல்லுக்கே திரும்ப வந்தா கோடும் அந்தப் புள்ளிக்கே திரும்பும். சிக்குக் கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பழைய புள்ளியைத் தொட்டுட்டுப் போச்சுன்னா பேச்சு கட்டுக்கோப்பா இருக்கு. ஸ்கிசோஃப்ரினியால அது திரும்பி வராம நேரா ஒரே கோடா போயிட்டே இருக்கும். உங்க தம்பி பேச்சை நான் இப்ப பேப்பர்ல போட்டுப் பாத்தேன், மணி, மாமா, ஞாயிறு, சூரியன், கிழக்கு, ஜன்னல், கொசு. சாப்பாடுங்குற புள்ளிக்கு ஒரு தடவை கூட திரும்பல. நகையை வைக்காம, ஒரு பேனா வச்சு நீங்க எடுத்த ஸ்கேன் அக்கா இது. எழுதி வச்சதை நிறுத்தாதீங்க.


வார்டு_டைரி:

மேல தம்பி எழுதினது சரி. நான் மனநல மருத்துவத்துல மேல்படிப்பு முடிச்சு அரசு மருத்துவமனைல வேலை பாக்குறேன், உங்க தம்பியைப் பாக்காம அவரோட மாத்திரை பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்மா.

முதல்ல எடுத்த எம்ஆர்ஐ எதுக்குன்னா, கட்டி இருக்கா, வீக்கம் இருக்கா, மூளை அழற்சியான்னு பாத்து ஒதுக்கத்தான். 2007ல கண்டுபிடிச்ச ஒரு வகை அழற்சி இருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை செல்கள்ல சிக்னல் வாங்குற என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும், அது பாக்குறதுக்கு அச்சு அசல் சைக்கோசிஸ் மாதிரியே வரும், ஆனா வைத்தியம் முழுக்க வேற. ஜுரம், வலிப்பு, திடீர்னு நினைவு தடுமாறுறது இதெல்லாம் இருந்தா அதை விடாம தேடுவோம். ஆக நார்மல் ரிப்போர்ட் வந்தது நல்ல செய்தி. தம்பிக்கு ஒண்ணுமில்லன்னோ நடிக்கிறான்னோ அதுக்கு அர்த்தம் இல்ல, சொந்தக்காரங்க யாராச்சும் அப்படிச் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

பீட்டர் லிடில்னு ஒருத்தர் 1987ல இந்த நோயோட அறிகுறிங்களை மூணு கொத்தா பிரிச்சார். இல்லாததைக் கேக்குறது, நம்புறது ஒண்ணு. பேச்சு, ஆர்வம், முகபாவம் வத்திப் போறது ஒண்ணு. சிந்தனை ஒழுங்கு குலையறது ஒண்ணு. மூணும் ஒரே வேகத்துல சரியாகாது. நான் பாத்தவரைக்கும் குரலும் பயமும் முன்னாடி இறங்கும், பேச்சு கோர்வையாக இன்னும் நாளாகும், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். நாலரை மாசத்துல இது நிரந்தரம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா அப்படியே காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது இருக்கு. மாத்திரையோட மயக்கத்தால பேச்சு மந்தமாகுதா, அளவு போதுமா, தினமும் உள்ளதான் போகுதா இல்ல நாக்குக்கு அடியில வச்சுத் துப்புறானா, கஞ்சா பழக்கம் இருந்துச்சா (கோபப்படாம தனியா கேளுங்க, ஹாஸ்டல் பசங்க நிறைய பேருக்கு இருக்கு, இதை அது மோசமாக்கும்), கவனம் நினைவாற்றலுக்கு பயிற்சி குடுக்குற ஆள் அங்க உண்டான்னு. நல்லாயிட்டான்னு நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க. நான் திரும்பத் திரும்ப பாக்குற பெரிய சேதம் அதுதான், ஆறு மாசத்துல மறுபடி வந்து நிப்பாங்க, அப்ப முன்னாடி விட கஷ்டம்.

ராத்திரில ஏதாச்சும் அவசரமா பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.


ஒரு_அம்மா:

கண்ணு, உன் அம்மா அந்தப் பக்கம் போய் அழுததைப் படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு. என் மகனுக்கு 22 வயசுல வந்துச்சு, இப்ப 31. நாங்க முதல் ஏழு மாசத்தை வீணாக்கிட்டோம். ஒரு இடத்துல கயிறு கட்டினாங்க, இன்னொரு இடத்துல 48 நாள் தங்கணும்னாங்க, அதுக்கும் தங்கினோம், டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அவன் பாதி ஆளா ஆயிட்டான். நீங்க உடனே கூட்டிட்டுப் போனீங்கல்ல, அந்த ஏழு மாசம் உங்க கைல இருக்கு, அதை நினைச்சுக்கோ.

பேச்சு விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித் தரல, விழுந்து எழுந்து கத்துக்கிட்டது. டிவியை ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசுவேன். ஒரு நேரத்துல ஒரு கேள்வி. "சாப்டியா, என்ன சாப்ட, மாத்திரை போட்டியா"ன்னு அடுக்கினா அவ்வளவுதான், எங்கயோ போயிருவான். தட்டைக் கைல எடுத்து அவன் கண்ணு முன்னாடி காமிச்சு "தோசை வைக்கவா"ன்னு கேப்பேன், கண்ணுல பாக்குற பொருள் இருந்தா பேச்சு அங்கயே நிக்கும். அப்புறம் ஒண்ணு, அவன் வேற எங்கயோ போனா "என்னடா உளர்றே"ன்னு ஒரு நாளும் சொல்றதில்ல. "மணி மாமா கடையை விடு கண்ணு, பசிக்குதா"ன்னு மெதுவா கூட்டிட்டு வருவேன். சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். வராத நாள்ல பக்கத்துல சும்மா உக்காந்து வெங்காயம் உரிப்போம் ரெண்டு பேரும். பேசாம செய்யற வேலைல அவனுக்கு குழப்பமே வராது.

அந்தப் பையன் எழுதின மூளை விஷயம் எனக்கு பாதிதான் புரிஞ்சுச்சு, ஆனா புரிஞ்ச பாதி போதும். ஒன்பது வருஷமா என் மாமியார் வீட்டுல என் வளர்ப்பு சரியில்லன்னுதான் பேச்சு. ஏழு மாசம் தாமதம் பண்ணது என் தப்பு, அதை ஒத்துக்குறேன். நோயை நான் குடுக்கல.

இப்ப என் மகன் சித்தப்பாவோட அச்சகத்துல ப்ரூஃப் பாக்குறான். காலைல மட்டும். களைச்சா இன்னும் பேச்சு கொஞ்சம் சிதறும், அவனே "அம்மா நான் வழி மாறிட்டேன்"னு சொல்லி நிறுத்திக்குவான்.


ஸ்காபரோ_தமிழ்:

தங்கச்சி, நான் கனடாவில இருக்கிறன், என்ர மருமகனுக்கு மூண்டு வருசத்துக்கு முன்னம் இதே வருத்தம் வந்தது. உங்கட பதிவை வாசிச்சிட்டு ரெண்டு விசயம் மட்டும் சொல்ல வேணும் எண்டு தோணிச்சுது.

இஞ்ச ஒரு படத்தைக் காட்டி ஒரு நிமிசம் அதைப் பற்றிக் கதைக்கச் சொல்லி, அந்தக் கதையையும் மூளை ஸ்கானையும் சேர்த்துப் படிக்கிற ஆய்வுகள் நடக்குது. அதைச் செய்யிறவையில ஒருத்தர் எங்கட தமிழ் ஆள், டொக்டர் லேனா பழனியப்பன். அதால மேல தம்பி சொன்ன மாதிரி, கதையைக் கேக்கிறதும் ஸ்கான் பாக்கிறதும் ரெண்டு வேற உலகம் இல்லை.

ரெண்டாவது, இஞ்சத்த மொன்றியல் சிகிச்சைத் திட்டத்தையும் சென்னையில ஸ்கார்ஃப் எண்ட மனநல நிறுவனத்தையும் (1984ல டொக்டர் சாரதா மேனன் தொடங்கினது) ஒப்பிட்டு முதல் எபிசோட் ஆக்களை ரெண்டு வருசம் பாத்தவை. குரல் கேக்கிற மாதிரி அறிகுறிகளில ரெண்டு ஊரும் ஒரே அளவு. பேச்சும் ஆர்வமும் வத்திப் போற அறிகுறிகளில சென்னை ஆக்கள் கூடத் தேறினவை. அங்க குடும்பம் விடாமல் கூட நிண்டதும் கூடவாம். உங்கட அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

இந்த வருத்தத்தின்ர பேரும் எனக்குப் பிடிக்கேல்லை. மனச்சிதைவு எண்டு ஒரு பெடியனுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? யப்பான்காரர் 2002ல மனம் பிளந்த நோய் எண்டிருந்த பேரை மாத்தி, ஒருங்கிணைவு குலைஞ்ச நிலை எண்ட மாதிரி வச்சவை. அதுக்கு முதல் மூண்டில ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடின ஆக்களுக்குத்தான் டொக்டர்மார் நோயின்ர பேரை நேராய்ச் சொன்னவையாம், மூண்டு வருசத்தில அது கிட்டத்தட்ட 70 வீதம் ஆகிட்டுது. கொரியாக்காரர் 2011ல மாத்தினவை, அவையின்ர சொல்லுக்கு அர்த்தம் நரம்பு வாத்தியத்தின்ர தந்தியைச் சுருதி சேர்க்கிறது எண்டு. மருமகன் வயலின் படிச்ச பெடியன், அவனுக்கு நான் அந்தப் பேரைத்தான் சொன்னனான்.


தேனிக்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அப்பாகிட்ட உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சுக் காமிச்சேன். ஸ்கேன் வேணாம்னு ஒத்துக்கிட்டார், உடனே இல்ல, "அப்ப அந்தக் காசுல பயிற்சி குடுக்குற எடம் இருந்தா சேத்துவிடலாமா"ன்னு கேட்டார்.

அம்மா (உங்களை அப்படியே கூப்பிடுறேன்), நேத்து நீங்க சொன்ன மாதிரி பண்ணிப் பாத்தேன். டிவியை நிறுத்திட்டு தட்டைக் கைல வச்சுக்கிட்டு "இட்லி வைக்கவாடா"ன்னு கேட்டேன். "ரெண்டு" அப்படின்னான். அப்புறம் "ரெண்டாம் நம்பர் பஸ்ஸு"ன்னு ஆரம்பிச்சான், "பஸ்ஸு இருக்கட்டும், சட்னி ஊத்தவா"ன்னேன், "ஊத்து"ன்னான். நோட்ல எழுதிட்டேன், ரெண்டு, பஸ், சட்னி. அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாங்க.

டாக்டர் மேடம், நாக்குக்கு அடியில வைக்கிறதைக் கேட்டீங்கல்ல, கவனிச்சேன், முழுங்கிடுறான். கஞ்சா விஷயம் மட்டும் இன்னும் கேக்கல, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அக்கான்னு நான் கேட்டா மறைப்பானா, டாக்டரையே கேக்க வைக்கலாமா?


வார்டு_டைரி:

டாக்டரே கேக்கட்டும்மா, நீங்க ரெண்டு பேரும் அந்த நேரம் வெளிய உக்காருங்க. தம்பிக்கு முன்னாடியே சொல்லிருங்க, "நீ தனியா பேசுறதுக்கு டைம் கேட்டிருக்கேன்"னு. உள்ள தம்பி சொல்றதை அப்புறம் துருவாதீங்க. அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க, அவர்கிட்ட கேட்டு சரின்னா மட்டும் டாக்டர்கிட்ட காமிங்க, அது அவரோட பேச்சுதானே. தேதி போட்டு எழுதுறீங்களா? போடலன்னா இன்னிலேருந்து போடுங்க, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தாத்தான் எந்தப் பக்கம் நகருதுன்னு எங்களுக்கே தெரியும்.